“கொன்று விடுவேன்!” - சிறுவன் சொன்னால் சட்டம் என்ன செய்யும்?

கோபம் வந்தால் பலர் வாயில் முதலில் வருகிற சொல் இது. குழாயடியில் கேட்கலாம். மார்க்கெட்டில் கேட்கலாம். பள்ளிக்கூட வாசலிலும் கேட்கலாம். சொன்னவரே அரை மணி நேரத்தில் அதை மறந்து விடுவார்.

ஆனால் சில சமயம் அந்தச் சொல் போலீஸ் நிலையம் வரை போய்விடுகிறது. கேட்டவர் பயந்து விடுகிறார். புகார் எழுதிக் கொடுக்கிறார். சொன்னவன் 18 வயது நிரம்பாத பையன் என்றால் வழக்கு வேறு பாதையில் போகும். அவன் ஏற்கனவே ஒரு வழக்கில் சிக்கி, “ஒழுங்காக இருப்பான்” என்று பெற்றோர் எழுதிக் கொடுத்து வெளியே வந்தவன் என்றால் சிக்கல் இரண்டு மடங்கு!

அப்போது என்ன நடக்கும்? பையனை மீண்டும் அடைத்து விடுவார்களா? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? மேல் கோர்ட்டுக்குப் போக முடியுமா? எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?

ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய விஷயம் இது.

பாலக்கரையில் ஒரு குடும்பம்

திருச்சி பாலக்கரையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இது நடந்த கதை அல்ல. விளக்கத்துக்குச் சொல்லும் உதாரணம்தான்.

தகப்பனார் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். தாயார் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். மகனுக்கு வயது 16. போன வருடம் ஒரு செல்போனைத் திருடிவிட்டான். பிடிபட்டான்.

விசாரணை நடந்தது. பையனைப் பெற்றோர் பொறுப்பில் ஒரு வருட நன்னடத்தையில் விட்டார்கள். தகப்பனார் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பையன் தொழிற்பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், செல்போன் கடை இருக்கும் தெருவுக்குப் போகக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டார்கள்.

எட்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு நாள் மாலை பையன் அந்தத் தெரு வழியாக வந்தான். கடைக்காரர் பார்த்து விட்டார்.

“டேய், திருட்டுப் பயலே! இந்தப் பக்கம் உனக்கு என்னடா வேலை?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார்.

பையனுக்கு ஆத்திரம் வந்தது. “உன்னைக் கொன்று விடுவேன்” என்று கத்தினான். பிறகு ஓடிவிட்டான்.

கடைக்காரர் இரவெல்லாம் தூங்கவில்லை. அவருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுநாள் காலை புகார் கொடுத்தார். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. பயந்தவருக்குப் புகார் கொடுக்க உரிமை உண்டு.

இப்போது பையன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, கொலை மிரட்டல். மற்றொன்று, நன்னடத்தை நிபந்தனையை மீறியது.

இந்த இரண்டும் வேறு வேறு! ஒன்றை மற்றொன்றோடு கலக்கக் கூடாது. பல வழக்குகளில் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

மிரட்டல் என்றால் என்ன?

2024 ஜூலை 1-ந் தேதி முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் 351-வது பிரிவு மிரட்டலைப் பற்றியது. பழைய சட்டத்தில் இது 503, 506-வது பிரிவுகளாக இருந்தது.

ஒருவருடைய உடலுக்கோ, உடைமைக்கோ, நல்ல பெயருக்கோ கேடு செய்வேன் என்று சொல்லுவது மட்டும் போதாது. அவரைக் கலங்க வைக்க வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும். அல்லது, அவர் செய்ய வேண்டியதில்லாத ஒரு காரியத்தைச் செய்ய வைக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அது குற்றம்.

சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. கொலை செய்வேன், படுகாயம் உண்டாக்குவேன் என்பது போன்ற மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை சிறை. இது பெரியவர்களுக்கு.

நோக்கம் முக்கியம் என்பதை சுப்ரீம் கோர்ட்டு 2015-ம் ஆண்டு ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெங்களூர் போக்குவரத்துப் போலீசாரின் பேஸ்புக் பக்கத்தில், ஒரு அதிகாரியைப் பற்றி ஒரு தம்பதி கோபமாக எழுதினார்கள். அவர்கள் மீது மிரட்டல் வழக்கும் போடப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது. கலங்க வைக்கும் நோக்கம் இல்லாமல் வெறும் வார்த்தைகளைச் சொல்லுவது மிரட்டல் குற்றம் ஆகாது என்று தீர்ப்புக் கூறியது.

அதற்காக, எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அர்த்தம் அல்ல. கையில் கத்தி இருந்ததா? முன்பே பகை உண்டா? திரும்பத் திரும்பச் சொன்னானா? வீட்டு வாசலுக்கு வந்து நின்றானா? இவற்றை எல்லாம் கோர்ட்டு பார்க்கும். சொல் ஒன்றுதான். சூழ்நிலையைப் பொறுத்து அது குற்றமாகலாம். வெறும் ஆத்திரமாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் இரண்டு பையன்கள்

இதே கேள்வி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலும் எழுந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் 16 வயது மாணவன் ஒருவன் வகுப்பை விட்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது. தட்டினான். ஆசிரியர் கதவைத் திறந்தார். கதவு பையன் தலையில் இடித்து விட்டது. வலியிலும் கோபத்திலும் ஆசிரியரைத் திட்டினான். “உன்னைப் பார்த்துக் கொள்கிறேன்” என்ற பாணியில் மிரட்டினான். ஆனால் கையை ஓங்கவில்லை. ஆசிரியர் அவனைப் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது.

சிறுவர் கோர்ட்டு அதை மிரட்டல் குற்றம் என்று தீர்மானித்தது. பையன் தரப்பில் அப்பீல் செய்தார்கள். 2001-ம் ஆண்டு அப்பீல் கோர்ட்டு அதை மாற்றியது. முன்பகை இல்லை, உடனே அடித்து விடுவான் என்று நினைக்க இடம் இல்லை, இது ஆத்திரத்தில் வந்த பேச்சு என்று கூறியது.

இன்னொரு மாணவனுக்கு வயது 15. சான் ஓசே நகரத்துப் பையன். அவன் 2001-ம் ஆண்டு ஒரு கவிதை எழுதி, உடன் படிக்கும் மாணவிகளிடம் கொடுத்தான். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டு வருவதைப் பற்றி அதில் இருந்தது. மாணவிகள் பயந்து விட்டார்கள். போலீசார் வந்தார்கள். பையனுக்கு 100 நாள் காவல்.

அவனும் அப்பீல் செய்தான். அப்பீல் கோர்ட்டு தண்டனையை உறுதி செய்தது. அவன் அதோடு விடவில்லை. அதற்கும் மேலே போனான். 2004-ம் ஆண்டு கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. கவிதைக்குப் பல பொருள் கொள்ளலாம். அதை நேரான மிரட்டல் என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. பள்ளிக்கூடமும் போலீசாரும் எச்சரிக்கையாக விசாரித்தது சரி. ஆனால் விசாரிப்பது வேறு, தண்டிப்பது வேறு.

இந்த இரண்டு வழக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. முதல் விசாரணையில் சொன்னதுதான் முடிவு என்று பெற்றோர் இருந்திருந்தால், இரண்டு பையன்களும் செய்யாத குற்றத்தின் பெயரைச் சுமந்திருப்பார்கள்.

டெலிபோனில் பேசிய பையன்

நன்னடத்தையில் இருந்த பையன் மீண்டும் புகாரில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, உலகம் எங்கும் சொல்லப்படும் வழக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் கால்ட் வழக்கு.

1964-ம் ஆண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம். பையனுக்கு வயது 15. அவனோடு இருந்த இன்னொரு பையன் ஒரு பெண்ணின் பணப்பையைத் திருடிய விவகாரத்தில், இவனுக்கும் 6 மாத நன்னடத்தை விதித்திருந்தார்கள். அந்த 6 மாதம் முடிவதற்குள், பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு டெலிபோனில் ஆபாசமாகப் பேசியதாகப் புகார் வந்தது.

ஜூன் 8-ந் தேதி காலையில் பையனைப் பிடித்துக் கொண்டு போனார்கள். தாயும் தந்தையும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் கூடச் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்த தாய், மகனைக் காணாமல் தேடினாள்.

மறுநாள் விசாரணை. ஒரு வாரத்தில் இன்னொரு விசாரணை. வக்கீல் இல்லை. புகார் கொடுத்த பெண் கோர்ட்டுக்கு வரவே இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கவும் இல்லை. முன்பு எப்போதோ ஒரு பேஸ்பால் கையுறையைத் திருடினான் என்ற பேச்சு இருந்தது. அது விசாரிக்கப்படவே இல்லை. அதையும் நீதிபதி கணக்கில் எடுத்துக் கொண்டார்.

தீர்ப்பு என்ன? 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க வேண்டும். அதாவது 6 ஆண்டு வரை!

இதே காரியத்தை ஒரு பெரியவர் செய்திருந்தால் என்ன தண்டனை? 5 முதல் 50 டாலர் அபராதம். அல்லது அதிகபட்சம் 2 மாதச் சிறை.

அரிசோனாவில் அப்போது சிறுவர் வழக்கில் அப்பீல் செய்யவே வழி இல்லை. பெற்றோர் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தள்ளியது. மாநில சுப்ரீம் கோர்ட்டும் தள்ளியது. அவர்கள் விடவில்லை. நாட்டின் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார்கள்.

1967 மே 15-ந் தேதி தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டு என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். வக்கீல் வைத்துக் கொள்ள உரிமை உண்டு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி பையனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த நான்கும் சிறுவர்களுக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

“பையனின் நன்மைக்காகத்தான் செய்கிறோம்” என்று சொல்லி, பெரியவர்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பைக் கூடப் பையனுக்குக் கொடுக்காமல் விட்டார்கள். அந்த வழக்கம் அன்றோடு முடிந்தது.

தமிழ்நாடுதான் முன்னோடி

சிறுவர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1899-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் முதல் சிறுவர் கோர்ட்டு வந்தது.

நன்னடத்தையில் விடும் பழக்கத்தை ஆரம்பித்தவர் ஒரு பூட்ஸ் தைக்கும் தொழிலாளி! பாஸ்டன் நகரத்து ஜான் அகஸ்டஸ். 1841-ம் ஆண்டு ஒரு குடிகாரனுக்காகக் கோர்ட்டில் ஜாமீன் நின்று, அவனைத் திருத்திக் காட்டினார். 1859-ல் இறக்கும் வரை ஏறக்குறைய 2 ஆயிரம் பேருக்கு ஜாமீன் நின்றார்.

இந்தியாவில் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். அது 1920-ம் ஆண்டின் சென்னை சிறுவர் சட்டம். வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான சட்டம் 1986-ல் வந்தது. 2000-ல் அது மாறியது. டில்லியில் 2012-ம் ஆண்டு நடந்த கொடூரமான கற்பழிப்புக் கொலைக்குப் பிறகு நாடெங்கும் எழுந்த கொதிப்பில், 2015-ம் ஆண்டு மீண்டும் மாறியது. அந்தச் சட்டம்தான் 2016 ஜனவரி 15 முதல் அமுலில் இருக்கிறது. அதன் பெயர் இளைஞர் நீதிச் சட்டம்.

யார் விசாரிக்கிறார்கள்?

பையனைச் சாதாரண கோர்ட்டில் நிறுத்துவது இல்லை. இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அதில் மூன்று பேர். ஒருவர் மாஜிஸ்திரேட்டு. இருவர் சமூக சேவகர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் பையனைக் குழுமத்தின் முன் கொண்டு வர வேண்டும். போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஜெயிலில் வைக்கக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நன்னடத்தை அலுவலருக்கும் சொல்ல வேண்டும். அவர் பையனின் வீட்டு நிலைமையை விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும்.

ஜாமீன் கொடுப்பதுதான் விதி. மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் பையன் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கு ஆபத்து வரும், அல்லது நீதி கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அந்தக் காரணத்தை எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், ஒரு வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்த சிறுவனை சுப்ரீம் கோர்ட்டு ஜாமீனில் விட்டது. சட்டம் சொல்லும் காரணம் எதையும் கீழ்க்கோர்ட்டுகள் கண்டு எழுதவில்லை என்பதைச் சுட்டிக் காட்டியது.

ஜாமீன் கிடைக்காத பையன், விசாரணை முடியும் வரை கூர்நோக்கு இல்லத்தில் இருப்பான். திருச்சியிலும் அரசு கூர்நோக்கு இல்லம் உண்டு.

சிறியதா, கொடியதா?

சிறுவர் குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சம் 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவை சிறு குற்றம். அதற்கு மேல் உள்ளவை கடும் குற்றம். குறைந்தபட்சமே 7 ஆண்டு என்று தண்டனை விதிக்கப்பட்டவை கொடிய குற்றம்.

16 வயது முடிந்தவன் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால் மட்டுமே, அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வி வரும். இதை 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு டில்லி வழக்கில் உறுதி செய்தது. அதில், காரை மோதி ஒருவர் இறக்கக் காரணமானவன் ஒரு சிறுவன். உயிரே போன வழக்கு அது. ஆனாலும் அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு என்று சட்டத்தில் இல்லை. ஆகையால் அது கொடிய குற்றம் ஆகாது என்றது கோர்ட்டு.

அப்படியானால் கொலை மிரட்டல்? அதற்கு 7 ஆண்டு “வரை”தான் தண்டனை. குறைந்தபட்சம் என்று ஒன்றும் இல்லை. ஆகையால் பாலக்கரைப் பையனை வாய்ச் சொல்லுக்காகப் பெரியவனைப் போல விசாரிக்க முடியாது. “உன் மகனைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பி விடுவோம்” என்று யாராவது சொன்னால், பெற்றோர் பயப்படத் தேவை இல்லை.

நிபந்தனையை மீறினால்?

குற்றம் ருசுவானாலும் குழுமத்தின் முன் பல வழிகள் உண்டு. கண்டித்து அனுப்பலாம். அறிவுரை கூறலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். அபராதம் போடலாம். பெற்றோர் பொறுப்பில் 3 ஆண்டு வரை நன்னடத்தையில் விடலாம். கடைசி வழியாக, 3 ஆண்டு வரை சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். பள்ளிக்குப் போ, தொழில் கற்றுக்கொள், இன்ன இடத்துக்குப் போகாதே, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொள் என்றும் கூடுதலாக உத்தரவு போடலாம்.

பாலக்கரைப் பையன் போகக் கூடாத தெருவுக்குப் போனான். இது நிபந்தனை மீறல்தான். மறுக்க முடியாது. ஆனால் ஏன் போனான்? கடைக்காரரைத் தேடிப் போனானா? வகுப்பு முடிந்து பஸ்சைப் பிடிக்கக் குறுக்கு வழியில் போனானா? எட்டு மாதம் ஒழுங்காக இருந்தானா? இவற்றைக் குழுமம் கேட்க வேண்டும்.

பையன் யார் பொறுப்பில் இருக்க வேண்டும், எந்த இல்லத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவைக் குழுமம் மாற்றலாம். 104-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் மாஜிஸ்திரேட்டு உட்படக் குறைந்தது இரண்டு பேர் உட்கார வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்காமல் மாற்றக் கூடாது.

கொலை மிரட்டல் புகாரோ தனிக் கதை. புகார் வந்து விட்டது என்பதே ருசு ஆகாது. 18 வயது வரை ஒரு பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் முதலில் கருத வேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. “ஏற்கனவே திருடியவன்தானே, இதையும் செய்திருப்பான்” என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. அரிசோனாவில் கையுறைப் பேச்சை வைத்துச் செய்த தவறு அதுதான்.

பெரியவர்களுக்கு உள்ள 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைப் பாருங்கள். நிபந்தனையை முதல் தடவை மீறினால், பத்திரத்தை ரத்து செய்யாமலே 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போட்டு விட்டு விட அங்கே இடம் உண்டு. பெரியவனுக்கே ஒரு வாய்ப்பு உண்டு என்றால், 16 வயதுப் பையனுக்கு அதைவிடக் கடுமை காட்டுவதற்குத் தக்க காரணம் வேண்டாமா?

அப்பீல் செய்ய 30 நாள்

குழுமத்தின் உத்தரவு பாதகமாக வந்தால், அப்பீல் செய்யலாம். 101-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது.

எங்கே? குழந்தைகள் கோர்ட்டில். அது செஷன்ஸ் கோர்ட்டு அந்தஸ்து உள்ளது. எப்போது? உத்தரவு வந்த 30 நாளுக்குள். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். அப்பீலை 30 நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரியவருடைய வழக்கில் 2 ஆண்டு தாமதம் ஆனால் 2 ஆண்டு போகும். பையனுடைய வழக்கில் 2 ஆண்டு போனால் படிப்பே போய்விடும்!

செஷன்ஸ் கோர்ட்டு அப்பீலில் சொன்ன முடிவின் மேல் இரண்டாவது அப்பீல் கிடையாது. ஆனால் வழி முழுவதும் அடைபடவில்லை. உத்தரவு சட்டப்படி சரியா, முறையா என்று பார்க்க ஐகோர்ட்டுக்கு 102-வது பிரிவில் அதிகாரம் உண்டு. திருச்சி மாவட்டத்துக்கு 2004-ல் திறக்கப்பட்ட மதுரைக் கிளைதான் ஐகோர்ட்டு.

புகார் கொடுத்தவருக்கும் அப்பீல் உரிமை உண்டா? பாதிக்கப்பட்டவர் யாரும் அப்பீல் செய்யலாம் என்பது பொது விதி. ஆனால் மிரட்டல் போன்ற வழக்கில் பையன் குற்றம் செய்யவில்லை என்று குழுமம் விடுதலை செய்து விட்டால், அதன் மேல் அப்பீல் இல்லை. ஆகையால் கடைக்காரர் தம் தரப்பைக் குழுமத்தின் முன்பே முழுமையாகச் சொல்லி விட வேண்டும்.

அப்பீலில் என்ன சொல்லலாம்? மிரட்டும் நோக்கம் ருசுவாகவில்லை என்று சொல்லலாம். நிபந்தனை மீறலையும் மிரட்டலையும் குழப்பி விட்டார்கள் என்று சொல்லலாம். நன்னடத்தை அலுவலர் அறிக்கையைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். வீட்டில் வைத்துத் திருத்த முடியும், இல்லத்துக்கு அனுப்பத் தேவை இல்லை என்று சொல்லலாம். “ஐயோ, மன்னித்து விடுங்கள்” என்று அழுவது மட்டும் அப்பீல் ஆகாது. காரணம் வேண்டும். காகிதம் வேண்டும்.

காசு இல்லாதவர்கள்?

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வக்கீல் உண்டு. வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். திருச்சி கண்டோன்மென்ட்டில் உள்ள ஜில்லா கோர்ட்டு வளாகத்துக்குப் போய், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் போதும். டெலிபோனில் கேட்க 15100. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

பெற்றோர் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, வயதுச் சான்று. பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த தேதிச் சான்றைத்தான் சட்டம் முதலில் பார்க்கும். அது இல்லாவிட்டால் மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்பதை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம்.

இரண்டாவது, உத்தரவின் நகல். நிபந்தனைகள் என்ன என்பதை வீட்டில் படிக்கத் தெரிந்தவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். பையனும் கேட்க வேண்டும். எந்தத் தெரு, எத்தனை மாதம், யாரைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரிய வேண்டும். ஒரு நிபந்தனை நடைமுறைக்கு ஒத்து வராவிட்டால், மீறிய பிறகு அழுவதை விட, முன்பே நன்னடத்தை அலுவலரிடம் போய், “ஐயா, வகுப்புக்குப் போக வேறு வழி இல்லை, இதை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்” என்று கேட்பது நல்லது.

மூன்றாவது, வகுப்பு வருகைக் குறிப்பு. எட்டு மாதம் ஒழுங்காக இருந்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பையனின் பெயரையோ படத்தையோ போட்டுச் செய்தி பரப்பக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். செல்போனில் வந்த படத்தை மற்றவர்களுக்கு அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இல்லத்துக்கு அனுப்பினால் திருந்துவானா?

“இப்படிப்பட்டவனை உள்ளே போட்டால்தான் திருந்துவான்” என்று பலர் சொல்கிறார்கள். கடைக்காரரின் பயத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சில் நியாயம் இருப்பது போலத் தெரியும்.

ஆனால் இல்லத்தின் சுவருக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. 2022 டிசம்பர் 31-ந் தேதி, செங்கல்பட்டில் உள்ள இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். திருட்டு சந்தேகத்தில் பிடிபட்டவன் அவன். அடித்ததாக வழக்குப் பதிவாகி, இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகு 2023-ல் ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழுவைத் தமிழக அரசு நியமித்தது. இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்துவது எப்படி என்று ஆராய்வது அதன் வேலை.

இல்லத்துக்கு அனுப்ப வேண்டிய பையன்களும் உண்டு. திரும்பத் திரும்ப ஒருவரை விரட்டி மிரட்டுகிறவன், ஆயுதத்தோடு வருகிறவன், வீட்டில் கட்டுக்கு அடங்காதவன் ஆகியோரைப் பற்றிக் குழுமம் கண்டிப்பாக இருக்கலாம். மிரட்டப்பட்டவர் நிம்மதியாகத் தூங்கவும் சட்டம் வழி செய்ய வேண்டும்.

ஆனால் அந்தப் பையன் அதிகபட்சம் 3 ஆண்டில் வெளியே வந்து விடுவான். அப்போது அவனுக்கு வயது 19. வருவதும் அதே பாலக்கரைக்குத்தான். நடப்பதும் அதே தெருவில்தான். படிப்பை இழந்து, வேலை தெரியாமல், மனதில் வன்மத்தோடு வந்தால் கடைக்காரருக்கு அதனால் பாதுகாப்பா? ஒரு தொழிலைக் கற்றுக் கொண்டு, “அன்றைக்குக் கோபத்தில் சொல்லி விட்டேன், அண்ணே” என்று சொல்லக் கூடியவனாக வந்தால் பாதுகாப்பா?

குழுமமும் அப்பீல் கோர்ட்டும் எடை போட வேண்டிய கேள்வி இதுதான். அந்தக் கேள்வியை அவர்கள் முன் வைக்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. அதற்கு அவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் 30 நாள். உத்தரவு கையில் கிடைத்த அன்றே அந்த நாட்களை எண்ணத் தொடங்கி விட வேண்டும்.